சூட்டுக்குக் காவல் இருப்பவர்கள்

பார்லியைத் தண்ணீரில் நனைத்து, முளை தலைகாட்டியதும் சூடான காற்றில் உலர்த்தி எடுத்தால் அது மால்ட். மால்ட்டைக் கரகரப்பாக உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதுதான் பீர் காய்ச்சுவதில் முதல் பெரிய வேலை. பானத்தின் தலையெழுத்தில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. முளைவிட்ட தானியத்துக்குள் இரண்டு நொதிகள் இருக்கின்றன. இரண்டும் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குபவை. பீட்டா அமைலேஸ் என்பது 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும்; ஈஸ்ட் தின்று தீர்க்கக்கூடிய எளிய சர்க்கரையாகவே நறுக்கிக் கொடுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டி வேகமெடுக்கும். ஈஸ்ட்டுக்கு வாய்க்கு எட்டாத பெரிய துண்டுகளையும் மிச்சம் வைக்கும். 63 டிகிரியில் ஊறினால் வறண்ட, மெலிந்த பீர் வரும். 70இல் ஊறினால் நாக்கில் கனம் நிற்கும் பீர் வரும். நடுவே 66, 67 என்று நிறுத்துவது இரண்டு நொதிகளுக்கும் இடம் கொடுக்கும் சமரசம்.

முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. சாதாரண மாவுக் கஞ்சி கெட்டியாக இறுகும் இடத்தில் முளைமாவுக் கஞ்சி இளகி நிற்கும், லேசாகத் தித்திக்கவும் செய்யும். அங்கே வேலை செய்வதும் இதே நொதிகள்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் ஒரு சாரார் இந்த நான்கைந்து டிகிரியைக் காவல் காக்க பம்பு, குழாய், ஹீட்டர், ரிலே, சிறு கணினி என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் மூன்று எஃகுக் கொப்பரைகள், சுவரில் எண்கள் ஒளிரும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பெட்டிக்கும் கொப்பரைகளுக்கும் நடுவே பின்னிக் கிடக்கும் கம்பிகள். இதைப் பார்ப்பவருக்கு, உடம்பு நோகாமல் பீர் குடிக்க ஆசைப்பட்டவரின் ஏற்பாடு என்று தோன்றக்கூடும். உடம்பு நோகக்கூடாது என்று நினைப்பவர் கடையில் வாங்கிவிடுவார். 20 லிட்டர் காய்ச்ச ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதில் கணிசமான பங்கு கழுவுவதிலேயே போய்விடும். தானியங்கி அமைப்பு இந்தக் கழுவலைக் குறைப்பதில்லை. பம்பும் குழாயும் சேர்ந்துவிட்டதால் கூட்டத்தான் செய்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆவது சாதாரணம். ஆகவே இந்த உழைப்புக்குக் காரணம் ஓய்வு அல்ல. தாங்கள் காய்ச்சியபோது கொப்பரைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் காரணம்.

அந்த ஆசைக்கு வயது இருநூற்றைம்பதைத் தாண்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், கொதித்த தண்ணீரை ஆறவிட்டு, ஆவி விலகித் தண்ணீரில் தன் முகம் தெரிகிற பதம் பார்த்து மால்ட்டைக் கொட்டும் வழக்கம் இருந்தது. மைக்கேல் காம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட நூலில், பீர் ஆலைக்குள் வெப்பமானி வரவேண்டும் என்று வாதாடினார். ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்ற ஊரில் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் பேவர்ஸ்டாக், புதுமைகளைப் பொறுக்காத தகப்பனாருக்குத் தெரியாமல் வெப்பமானியை ஒளித்துவைத்துப் பயன்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. பிறகு கரைசலில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு, லண்டனின் பெரிய ஆலை முதலாளியான சாமுவேல் விட்பிரெட்டைப் பார்க்கப் போனார். விட்பிரெட் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

ஆனால் அந்த மிதவை ஒரு பானத்தின் உடலையே மாற்றியது. 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் பீர் காய்ச்சுபவர்களுக்கென்றே செய்த அளவுகோலைப் பற்றி எழுதிய பிறகு, எந்த மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்பதை ஆலைக்காரர்கள் எண்ணாகப் பார்த்தார்கள். போர்ட்டர் என்ற கரும்பீருக்கு அதுவரை மலிவான பழுப்பு மால்ட்டைத்தான் போட்டுவந்தார்கள். அதில் இறங்கும் சர்க்கரை குறைவு என்றும், விலை கூடிய வெளிர் மால்ட்டே கணக்குப் பார்த்தால் லாபம் என்றும் மிதவை காட்டிக்கொடுத்தது. போர்ட்டரின் சேர்மானம் மாறியது, சுவையும் மாறியது. அளவுகோல் பீரை அளந்ததோடு நிற்கவில்லை.

அதே இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1840களில் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி, அந்த வேலை எவ்வளவு சூடாக மாறுகிறது என்று அளந்தவர். ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியை இருநூறாகப் பகுத்து அதில் ஒரு பங்கைக்கூடத் தன்னால் படிக்க முடியும் என்று அவர் சொன்னபோது அறிஞர்கள் தயங்கினார்கள். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆலைக்காரரின் கண் அவருக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். இயற்பியலுக்கு ஆலை செய்த உதவி என்று இதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

வெப்பமானி இல்லாமலே சூட்டை ஆண்டவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் கடந்துபோனால் அது அநியாயம். பவேரியாவிலும் போஹீமியாவிலும் ஊறிக்கொண்டிருக்கும் மால்ட்டில் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்து மறுபடி பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். ஒரே ஊருக்குள் கொதிநிலை என்பது யார் வீட்டு அடுப்பிலும் ஒன்றுதான். எடுக்கும் பங்கு மாறாமல் இருந்தால் ஏறும் சூடும் மாறாது. 50 டிகிரியில் இருக்கும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் கொதிக்கவைத்துத் திருப்பி ஊற்றினால் கணக்குப்படி கிட்டத்தட்ட 67 டிகிரி வரும். அதையே இன்னொரு முறை செய்தால் 78. முதல் படி சர்க்கரை வெட்டும் சூடு. இரண்டாம் படி நொதிகளை நிறுத்தும் சூடு. தொட்டி குடிக்கும் சூட்டையும், கெட்டியான மால்ட்டு தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கிறது என்பதையும் கழித்தால் எண் சற்று இறங்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் இறங்கும். கண்ணாடிக் குழாயோ பாதரசமோ இல்லாமல், ஒரு பங்கீட்டு விதியைக் கொண்டே சூட்டைப் படிப்படியாக ஏற்றிய இந்த முறையைத் தானியங்கி அமைப்பின் மூதாதை என்று அழைப்பதே நியாயம்.

இனி கொட்டகைகளுக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் வீட்டுக் காய்ச்சல் மறுபடி தலையெடுத்தது சட்டம் திறந்துவிட்ட பிறகு. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய இடம் கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அது கூட்டாட்சி அளவில் அனுமதிக்கப்பட்டது. ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தன.

அதே 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பப்பாசியன் அமெரிக்க வீட்டுக் காய்ச்சலாளர் சங்கத்தைத் தொடங்குவதில் முன்நின்றார். அவர் படித்தது அணுப் பொறியியல். 1984இல் வெளியான அவருடைய கையேட்டின் குரல், கவலைப்படாதே, பதறாதே, பீர் தன்னால் வரும் என்பது. அந்தக் குரல் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் முதல் பானையை அடுப்பில் ஏற்றியே இருக்கமாட்டார்கள். வடகலிஃபோர்னியாவின் சிக்கோவில் வீட்டுக் காய்ச்சலுக்கான சாமான்கள் விற்ற கென் கிராஸ்மேன், பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வெட்டி ஒட்டி சியரா நெவாடா ஆலையை எழுப்பி 1980இல் முதல் பீரைக் காய்ச்சினார். 1970களின் கடைசியில் நாடு முழுவதும் நூறுக்கும் குறைவான ஆலைகளே இருந்தன. பின்னாளில் அது ஒன்பதாயிரத்தைத் தாண்டியதற்கு இப்படிக் கொட்டகைகளில் வெல்டிங் செய்து பழகிய கைகளும் ஒரு காரணம்.

1980களின் பிற்பகுதியில், அந்தச் சங்கத்தின் ‘ஸைமர்ஜி’ இதழ் வழியாக ராட்னி மாரிஸ் என்பவரின் அமைப்பு வாசகர்களுக்குத் தெரியவந்தது. இன்று ரிம்ஸ் என்று சுருக்கி அழைக்கிறார்கள். கொப்பரையின் அடியில் துளையிட்ட ஒரு பொய்த்தட்டு. மால்ட் அதன்மேல் படுக்கையாகக் கிடக்கும். தட்டுக்குக் கீழிருந்து இனிப்பு நீரைப் பம்பு இழுத்து, மின்ஹீட்டர் பொருத்திய ஒரு குழாய் வழியாக அனுப்பி மேலே திருப்பிவிடும். குழாயின் வாயில் ஒரு சென்சார். சூடு குறைந்தால் ஹீட்டர் எரியும், எட்டினால் அணையும். எதிர்பாராத நன்மையும் ஒன்று: சுற்றிச் சுற்றி வரும் நீரை மால்ட்டுப் படுக்கையே வடிகட்டிவிடுவதால் அது கண்ணாடிபோலத் தெளிந்துவிடும்.

ஆபத்தும் இருந்தது. பம்பு வேகமாக இழுத்தால் படுக்கை இறுகி ஓட்டம் நின்றுபோகும். ஓட்டம் நின்ற குழாயில் ஹீட்டர் எரிந்தால் சர்க்கரை கருகும். முழுக் கொப்பரைக்கும் தீய்ந்த வாடை ஏறும். ஆகவே ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. அதுவும் போதாதென்று நினைத்தவர்கள் ஹீட்டரையே இனிப்பு நீரிலிருந்து பிரித்தார்கள். பக்கத்துக் கொப்பரையில் வெந்நீர், அதற்குள் செம்புச் சுருள், சுருளுக்குள் ஓடும் மால்ட்டு நீர். இதற்குப் பெயர் ஹெர்ம்ஸ். கருகும் பயம் போயிற்று; ஆனால் சூடு ஏறவும் இறங்கவும் தாமதம் வந்து சேர்ந்தது.

தாமதம்தான் இந்தக் கலையின் மையச் சிக்கல். 67 தொட்டதும் ஹீட்டரை அணைத்தாலும் குழாயிலும் வெந்நீரிலும் தேங்கிய சூடு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். 69, 70 என்று தாண்டிவிடும். ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஏற்றினால் இந்தப் பக்கம் 64. இதற்கான மருந்து கப்பலிலிருந்து வந்தது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் 1922இல் கப்பலைத் தானாகச் செலுத்துவது பற்றிய ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த சுக்கான்காரர்களைக் கவனித்தே அவர் அதை எழுதினார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் நல்ல சுக்கான்காரர் பார்ப்பதில்லை; எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் விலகிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புகிறார். மினோர்ஸ்கி இந்த மூன்றையும் கணிதமாக எழுதினார். பிஐடி என்று இன்று தொழிற்சாலைகளில் பரவலாக வழங்கும் முறை இதுதான். கொட்டகைச் சுவரில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் அந்தச் சுக்கான்காரர்களின் நிதானம் இருக்கிறது. இலக்கு நெருங்க நெருங்க ஹீட்டரை முன்கூட்டியே தளர்த்தி, தாண்டாமல் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்த மூன்று எண்களையும் சரிசெய்வது பெட்டியை வாங்கியவர் வேலை. 20 லிட்டருக்குப் பொருந்திய எண் 40 லிட்டருக்குப் பொருந்தாது. சென்சாரை எங்கே செருகுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஹீட்டர் குழாயின் வாயில் 67 காட்டும் அதே கணத்தில் மால்ட்டுப் படுக்கையின் நடுவில் 65 இருக்கலாம். பலரும் பயன்படுத்தும் டிஎஸ்18பி20 என்ற மலிவு சென்சாருக்கு அரை டிகிரி அப்படியோ இப்படியோ பிழை உண்டு. இரண்டு சென்சார்கள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி முரண்பட முடியும். ஆகவே உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் வைத்துத் திருத்திக்கொள்கிறார்கள். கொதிநீரில் திருத்தும்போது ஊரின் உயரத்தையும் பார்க்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,650 மீட்டர் உயரத்தில் உள்ள போல்டரில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

இங்கே ஒரு மறுப்பைக் கேட்கத்தான் வேண்டும். சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியில் மால்ட்டையும் வெந்நீரையும் கொட்டி மூடிவைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பரிசு வாங்கிய பீர்கள் அப்படியும் வந்திருக்கின்றன. மறுப்பு முழுக்கச் சரி. சூட்டைப் பிடித்துவைக்க மட்டுமே ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டினால் அது வீண் செலவு. ஆனால் ஐஸ் பெட்டிக்குச் சூட்டை நகர்த்தத் தெரியாது. நடந்ததைச் சொல்லவும் தெரியாது. தானியங்கி அமைப்பு 52 டிகிரியில் சற்று நிறுத்தி, 64க்கு ஏற்றி, 72க்கு ஏற்றி, 76இல் முடித்து, ஒவ்வொரு நிமிடத்தின் சூட்டையும் வரைகோடாக எழுதிவைக்கும். அடுத்த மாதம் அதையே செய்யச் சொன்னால் செய்யும்.

2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையும், 2012 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ராஸ்பெர்ரி பை கணினியும் இந்தக் கலையை எளிய வருமானக்காரர்களின் கைக்குக் கொண்டுவந்தன. முன்பு தொழிற்சாலைக் கருவிகளை ஏலத்தில் தேடியவர்கள் இப்போது 35 டாலர் பலகையில் தாங்களே நிரல் எழுதினார்கள். ஜெர்மனியிலிருந்து கிராஃப்ட்பீர்பை என்ற நிரல் வந்தது. நெதர்லாந்தில் எல்கோ யாகோப்ஸ், முதலில் ஒரு பழைய வைஃபை ரூட்டரையும் ஆர்டுயினோவையும் கோத்துக் குளிர்சாதனப் பெட்டியை அடக்கினார். பிறகு அது ப்ரூபை ஆயிற்று. எல்லாமே திறந்த நிரல்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் தன் கொப்பரைக்குப் பொருத்தினார்.

யாகோப்ஸ் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கியது சரியான இடத்தில் தொடங்கியது என்றே சொல்லவேண்டும். பளபளக்கும் கொப்பரைகளுக்கு முன் கவனிக்கவேண்டியது ஈஸ்ட் வேலை செய்யும் அடுத்த இரண்டு வாரங்களை. சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் சூட்டையும் கக்கும். அறை 20 டிகிரி இருக்கும்போது ஜாடிக்குள் 24ஐத் தாண்டலாம். அந்தச் சூட்டில், ஏல் என்ற பீர் வகைக்கான பல ஈஸ்ட்கள் வாழைப்பழ வாசனையையும், தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்களையும் உண்டாக்கும். லாகர் என்ற இன்னொரு வகைக்கான ஈஸ்ட்டுக்கோ 10, 12 டிகிரி வேண்டும். கடைசியில் சற்றுச் சூடேற்றினால்தான் டையசெட்டில் என்ற வெண்ணெய் வாடையைத் தானே தின்று தீர்க்கும். ப்ரூபை இரண்டு சூடுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது: பெட்டியின் காற்று, ஜாடியின் பீர். பீர் எங்கே போகவேண்டுமோ அதற்கேற்பக் காற்றை முன்கூட்டியே மாற்றுகிறது. பெட்டியைக் குளிர்விக்கும் அமுக்கி அணைந்து சில நிமிடம் கழியாமல் மறுபடி ஓடவும் விடாது. விட்டால் அமுக்கி சீக்கிரம் செத்துப்போகும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் ஆயுளையும் கணக்கில் எடுக்கும் இந்த அக்கறை, தானே கட்டியவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

ஜாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தால் காற்றும் கிருமியும் புகும். ஜெர்மனியில் பிறந்த ஐஸ்பிண்டல் என்ற மிதவை இதற்கு விடை. குளிர்பானப் பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய்தான் அதன் உடல். உள்ளே வைஃபை சில்லு, பேட்டரி, சாய்வை உணரும் சென்சார். சர்க்கரை மிகுந்த கரைசலில் மிதவை அதிகம் சாய்ந்து கிடக்கும். சர்க்கரை குறையக் குறைய நிமிரும். சாய்வுக் கோணத்திலிருந்து அடர்த்தி கணக்கிடப்படுகிறது: 1.050இல் தொடங்கியது 1.010ஐ நோக்கி இறங்குவது மணிக்கு மணி திரையில் தெரியும். பேவர்ஸ்டாக் லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போன கருவியின் வாரிசு இது. ஈஸ்ட் நுரை குழாயில் ஒட்டிக்கொண்டால் எண் பிசகும். அதையும் அறிந்துதான் படிக்கவேண்டும்.

இவ்வளவு எண்களும் எதற்கு? டப்ளின் கின்னஸ் ஆலையில் 1899இல் சேர்ந்த வில்லியம் சீலி காசெட்டின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில். பார்லி வகைகளையும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களையும் ஒப்பிடுவது அவர் வேலை. அன்றைய புள்ளியியல் நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கேட்டது. ஆலையிலோ நான்கைந்துதான் கிடைக்கும். கையில் இருக்கும் நான்கைந்தை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிட அவர் கண்ட வழி 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியாயிற்று. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. இன்று மருந்துச் சோதனையிலிருந்து விவசாய ஆய்வு வரை அது புழங்குகிறது.

வீட்டில் காய்ச்சுகிறவர் காசெட்டைவிடச் சிரமமான இடத்தில் நிற்கிறார். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ காய்ச்சுபவருக்கு ஒவ்வொரு கொப்பரையும் ஒற்றை மாதிரி. ஹாப்ஸை மாற்றிய அன்றைக்கே ஊறல் சூடும் மூன்று டிகிரி இறங்கி, ஜாடியின் சூடும் ஏறியிருந்தால், நாக்கில் தெரியும் மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லவே முடியாது. பத்து வருடம் காய்ச்சியும் ஒன்றும் கற்காமல் போகலாம். மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும்போதுதான் மாற்றிய ஒன்று பேசும். கட்டுப்பாட்டுப் பெட்டி அசையாமல் நிறுத்திக் கொடுக்கிறது. பிறகு மூன்று கோப்பைச் சோதனை: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, நிறம் தெரியாத கோப்பைகளில் ஊற்றி, வேறானது எது என்று நண்பர்களைக் கேட்பார்கள். குருட்டடியிலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், எத்தனை பேர் சரியாகச் சொன்னால் நம்பலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. தான் அடித்துச் சொன்ன வித்தியாசம் கோப்பையில் இல்லவே இல்லை என்று அறிய நேர்ந்தவர்கள் ஏராளம். அதை ஏற்றுக்கொண்டு மறுபடி காய்ச்சுகிறவர்களின் நேர்மை மதிக்கத்தக்கது.

இந்த நேர்மையை விலைக்கு வாங்க முடியுமா என்ற கேள்விக்கு சியாட்டிலில் ஒரு பதில் கிடைத்தது. மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த பில் மிட்செலும் கூட்டாளிகளும் தொடங்கிய பிக்கோப்ரூ, 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டி, சமையல் மேடையில் வைக்கும் ஸைமேடிக் என்ற இயந்திரத்தைச் செய்தது. அடுத்து வந்த சிறிய இயந்திரங்களுக்கு மால்ட்டும் ஹாப்ஸும் அடைத்த பொட்டலம் ஆலைகளின் பெயரோடு வந்தது. பொட்டலத்தைச் செருகினால் இயந்திரம் அதன் அடையாளத்தைப் படித்து, நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுச் செய்முறையை வாங்கிக்கொள்ளும். காய்ச்சுகிறவருக்கு வேலை இல்லை. தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இல்லை. 2020இல் நிறுவனம் நொடித்து மூடியது. கொப்பரையும் பம்பும் ஹீட்டரும் பழுதில்லாமல் இருந்தும், யாரைக் கேட்டுச் சூடேற்றுவது என்று தெரியாத இயந்திரங்கள் வீடுகளில் மிஞ்சின.

பிறகு நடந்ததுதான் இந்தத் துறையின் உண்மையான குணத்தைக் காட்டுகிறது. அந்த இயந்திரங்கள் இணையத்தில் என்ன கேட்கின்றன, என்ன பதிலை எதிர்பார்க்கின்றன என்று உரிமையாளர்கள் சிலர் ஒட்டுக்கேட்டுப் பிரித்தறிந்தார்கள். அதே பதில்களைத் தரும் மாற்றுச் சர்வரை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு ராஸ்பெர்ரி பை போதும். இயந்திரம் தன் பழைய சர்வரோடு பேசுவதாக நம்பி வேலை செய்யும். பொட்டலத்தை மட்டுமே செருகத் தெரிந்திருந்தவர் இப்போது 67 டிகிரியில் 60 நிமிடம், பிறகு 76 என்று தானே எழுதவேண்டி வந்தது. எந்தச் சூடு எதற்கு என்று படிக்கவேண்டி வந்தது. இயந்திரம் மூடிவைத்திருந்த அறிவு அதன் உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது.

விலைக்கு வாங்கும் கருவிகள் எல்லாவற்றையும் இதே தட்டில் வைக்கக் கூடாது. ஜெர்மனியின் ஸ்பைடல் செய்யும் பிரௌமைஸ்டரும், நியூஸிலாந்திலிருந்து வந்த கிரெயின்ஃபாதரும் செய்முறையைக் காய்ச்சுகிறவர் கையிலேயே விடுகின்றன. கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: பெட்டி அணைந்துபோனால் அதன் முன்னால் நிற்கும் மனிதருக்கு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியுமா?

நார்வேயின் மேற்குப் பள்ளத்தாக்குகளில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாகவே பதில் இருந்திருக்கிறது. லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் தொழிலால் கணினி நிரலாளர். வருடக்கணக்காக வட ஐரோப்பியப் பண்ணைகளில் அலைந்து, அங்கே மிஞ்சியிருந்த பீர் மரபுகளைப் பதிவு செய்தார். 2020இல் அது நூலாக வந்தது. வொஸ் வட்டாரத்தில் ஜூனிப்பர் கிளைகள் ஊறிய வெந்நீரில் மால்ட்டை நனைத்து, விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். க்வெய்க் என்று அவர்கள் அழைக்கும் ஈஸ்ட்டை மரவளையங்களில் உலர்த்தி, ஒரு காய்ச்சலிலிருந்து அடுத்ததற்குக் காப்பாற்றி, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள். அதே தொட்டி, அதே அளவு தண்ணீர், அதே வரிசை. நிதானம் அவர்களுக்குப் பழக்கத்திலேயே ஊறியிருந்தது. அந்த ஈஸ்ட்டோ பெரும்பாலான ஏல் ஈஸ்ட்கள் பீரைக் கெடுத்துவிடும் 35, 40 டிகிரியில் ஓரிரு நாளில் வேலையை முடித்து, நல்ல ஆரஞ்சு வாசனையோடு பீரைக் கொடுக்கிறது.

க்வெய்க் இப்போது பொட்டலங்களில் உலகெங்கும் போகிறது. குளிரவைக்கக் கட்டிய பெட்டிகளுக்குள் சின்ன ஹீட்டரைச் செருகி 38 டிகிரி என்று எழுதுகிறார்கள். பிஐடி எண்களை மறுபடி சரிசெய்கிறார்கள். பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் பல ஈஸ்ட்கள் கலந்து வாழும் கூட்டம். பொட்டலத்தில் வருவது பல சமயம் அதிலிருந்து பிரித்த ஒற்றை வகை. இரண்டுக்கும் சுவை ஒன்றுதானா என்று பார்க்க, ஒரே கொப்பரையில் காய்ச்சியதை இரண்டு ஜாடிகளில் பிரித்து, ஒன்றில் கூட்டத்தையும் ஒன்றில் ஒற்றை வகையையும் இட்டு, இரண்டையும் அதே சூட்டில் நிறுத்தி, முடிந்ததும் மூன்று கோப்பைகளை எடுத்துவைத்து நண்பர்களைக் கூப்பிடுகிறார்கள்.